டோக்கன் எதற்கு, மாத்திரை எதற்கு?

எங்களுக்கென்று ஒரு குடும்ப டாக்டர் இருக்கிறார். காஞ்சிபுரத்தில் கிளினிக். அப்பாவின் உடம்பு அவருக்கு அத்துப்படி. அவரை நேரில் பிடிப்பதுதான் பெரும்பாடு. பகலெல்லாம் வேறு ஆஸ்பத்திரியில் இருப்பார், இருட்டிய பிறகுதான் கிளினிக்குக்கு வருவார். டோக்கனோ நாலு மணிக்கே ஆரம்பித்துவிடும், போனில் பேர் எழுதமாட்டார்கள். திருப்புட்குழியிலிருந்து பாலுச்செட்டிசத்திரம் வந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் நோட்டில் பக்கம் நிறைந்திருக்கும். “நாளைக்கு வாங்கம்மா” என்பார் கம்பவுண்டர். நாளைக்கு என்றால் தறியில் இன்னொரு அரை நாள் போச்சு. நெய்தால்தானே கூலி.

இதைச் சொல்லிப் புலம்பினால் டொராண்டோவில் இருக்கும் சித்தி மகள் சிரிக்கிறாள். “உங்களுக்காவது ஒரு டாக்டர் இருக்காரேக்கா!” கனடாவில் 2022-இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பின்படி, குடும்ப டாக்டரே இல்லாத பெரியவர்கள் 65 லட்சம் பேருக்கு மேல். அதைக் கேட்டு மனசு ஆறலாம், டோக்கன் கிடைக்காது.

நாளாவட்டத்தில் நான் பிடித்துக்கொண்ட வழி இது. மாத்திரைக்காக டாக்டரிடம் போவதை நிறுத்தினேன். அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. மாசாமாசம் அதே மாத்திரையை எழுதி வாங்கத்தான் அந்த வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் இந்த இரண்டுக்கும்தான் முதலில் வீடு தேடி வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைப் பதிந்துகொண்டால் போதும், பிரஷர் பார்ப்பதும் மாத்திரை தருவதும் வாசலிலேயே நடக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: தனியார் டாக்டர் எழுதிய மாத்திரையும் அங்கே தருவதும் பேர் வேறாக, மருந்து ஒன்றாக இருக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடுகிற பெரியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. இரண்டு அட்டையையும் நர்ஸிடம் காட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சளி, பேதி, ரிப்போர்ட்டில் ஒரு சந்தேகம் என்றால் ‘இ-சஞ்சீவனி’ இருக்கிறது. 2020 ஏப்ரலிலிருந்து வீட்டிலிருந்தபடியே வீடியோவில் டாக்டரிடம் பேசலாம், காசு கிடையாது.

அப்படியானால் நேரில் போவது எதற்கு? கை வைத்துப் பார்க்க வேண்டியதற்கு. அப்பாவின் வலது பாதத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே கறுப்பாய் ஒரு காய்ப்பு விழுந்திருந்தது. “வலிக்கலம்மா, விடு” என்றார். சர்க்கரைக்காரர் காலில் வலி இல்லை என்பதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கிற சேதி. அதிலும் குழித்தறிக்காரருக்குக் கால் நாள் முழுக்கக் குழிக்குள், இருட்டில், மிதியின் மேலே. பாவில் ஒரு இழை அறுந்தால் கண்டுபிடித்துவிடுகிற கண்ணுக்குத் தன் பாதம் தெரிவதில்லை.

போட்டோ எடுத்து அனுப்பினேன். டாக்டர் பார்த்துவிட்டு, “இது போட்டோவுல தெரியாது, கூட்டிட்டு வாங்க” என்றார். நேரில் போனதும் அப்பாவைக் கண்ணை மூடச் சொன்னார். நைலான் நரம்பு போன்ற ஒன்றால் பாதத்தில் இடம் இடமாக அழுத்தி, “தெரியுதா, தெரியுதா” என்று கேட்டுக்கொண்டே போனார். சில இடங்களில் அப்பாவிடமிருந்து பதிலே இல்லை. கணுக்காலில் நாடி பார்த்தார். காய்ப்பைச் சீவியபோது அடியில் சின்னதாய்ப் புண். எந்த வீடியோவில் இது தெரியும்?

அன்றைக்கு டோக்கன் கிடைத்ததற்கும் அந்த போன்தான் காரணம். “டாக்டரே வரச் சொன்னார் அண்ணா” என்று மெசேஜைக் காட்டியதும் கம்பவுண்டர் மறுபேச்சில்லாமல் பேரை எழுதிக்கொண்டார். போனில் பேசும்போது, நேரில் பார்த்தாக வேண்டுமா என்று முடிவு செய்யும் உரிமை டாக்டருக்கு உண்டு; 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலே அப்படித்தான் சொல்கிறது. அதனால் முதலில் போனில் கேட்டு, அவர் வாயாலேயே ‘வாங்க’ என்று வரவழைத்துவிடுவது நல்லது. பொய்யாக இதைச் சொல்லிக்கொண்டு போகாதீர்கள். ஒரு தடவை செல்லும், அடுத்த தடவை உண்மையையும் நம்பமாட்டார்கள்.

உள்ளே போனால் எவ்வளவு நேரம்? 67 நாடுகளின் விவரங்களைத் திரட்டி 2017-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஸ்வீடனில் டாக்டர் ஒரு நோயாளியோடு சராசரியாக 22 நிமிஷத்துக்கு மேல் இருக்கிறார் என்றது. இந்தியாவில் ஏறக்குறைய 2 நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தில் பையைத் துழாவிக்கொண்டிருந்தால் போச்சு. வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் எடுக்கிற சர்க்கரை டெஸ்டை முன்கூட்டியே எடுத்து, ரிப்போர்ட்டோடு போகிறோம். இல்லாவிட்டால் “டெஸ்ட் எடுத்துட்டு வாங்க” என்பதற்கே ஒரு டோக்கன் போய்விடும். மாத்திரைகளை டப்பாவில் கொட்டிக்கொள்ளாமல் அட்டையோடு கொண்டுபோகிறோம். கால் பிரச்சினை என்றால் வரிசையிலேயே கட்டை அவிழ்த்துத் தயாராக வைக்கலாம். கேட்க வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி, பெரிய பயத்தை முதலில் சொல்ல வேண்டும். எங்கப்பா இடுப்பு வலியில் ஆரம்பித்து, எழுந்து வரும்போது கதவருகே நின்று, “நெஞ்சு கொஞ்சம் அடைக்குது சார்” என்கிற ரகம்.

கிளம்புமுன் பஞ்சாங்கத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை அன்று காஞ்சிபுரத்துக்குள் டாக்டரைத் தேடிப் போவது வீண் வேலை. திங்கட்கிழமை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் சேர்ந்து நிற்கும். புதன், வியாழன் பரவாயில்லை.

நெஞ்சடைப்பு, வாய் கோணுவது, ஒரு பக்கம் கை கால் விழுவது, மூச்சுத் திணறல் இதற்கெல்லாம் டோக்கனும் வேண்டாம், குடும்ப டாக்டரும் வேண்டாம். நேராக 108. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதுவும் ஸ்கேன் பார்த்த பிறகுதான் போடுவார்கள். வண்டிக்குச் சொல்லும்போது ஊர்ப் பேரோடு பாலுச்செட்டிசத்திரம் பக்கம் என்றும் சேர்த்துச் சொல்லி, ஓர் ஆளை மெயின்ரோட்டில் கொண்டுபோய் நிறுத்துங்கள்.