உறைபனிக் காலம்: ரூம் ஹீட்டர் வாங்கும் முன்

மழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் நீலகிரியில் உறைபனி இறங்கத் தொடங்கிவிடும். தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் விடியற்காலைப் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும். உதகை, கொடைக்கானல் கடைகளில் ரூம் ஹீட்டர் விசாரிப்பு சூடுபிடிக்கும் நேரம் இது.

‘குறைந்த கரண்ட், கூடுதல் சூடு’ என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். எந்த வகை ஹீட்டரானாலும், 1000 வாட் இழுத்தால் அறைக்குக் கிடைக்கும் வெப்பம் ஒரே அளவுதான். அது வந்து சேரும் விதம்தான் வேறு.

ப்ளோயர் சில நிமிடங்களில் காற்றைச் சூடாக்கும். நிறுத்தினால் குளிர் உடனே திரும்பும். சிவக்கும் கம்பி ஹீட்டர் எதிரே உட்கார்ந்தவரை மட்டுமே சூடாக்கும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு ஆகாது. ஆயில் ஹீட்டர் மெதுவாகச் சூடேறும். எடையும் விலையும் அதிகம். ஆனால் அணைத்த பிறகும் கதகதப்பு நீடிப்பதால் படுக்கையறைக்கு இதுவே மேல். உள்ளிருக்கும் எண்ணெய் எரிவதில்லை, மாற்றவும் வேண்டாம்.

பத்துக்குப் பத்து அடி அறைக்குப் பெரும்பாலும் 1000 வாட் போதும். ஐஎஸ்ஐ முத்திரை, தெர்மோஸ்டாட், கவிழ்ந்தால் தானே அணையும் சுவிட்ச் மூன்றும் உண்டா என்று கடையிலேயே பாருங்கள்.

2000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதை 16 ஆம்பியர் பவர் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. பழைய வீடென்றால் வயரிங்கையும் எர்த்தையும் எலக்ட்ரீஷியனிடம் முதலில் காட்டிவிடுங்கள். திரைச்சீலை, மெத்தை மூன்றடி தள்ளியே இருக்கட்டும். ஹீட்டர் மேல் ஈரத்துணி உலர்த்தாதீர்கள். படுப்பதற்கு முன் அறையைச் சூடாக்கி, தூங்கும்போது அணைத்துவிடுங்கள்.

செலவையும் கணக்கிடுங்கள். 2000 வாட்டில் தினம் 4 மணி நேரம் ஓடினால் 8 யூனிட். இரண்டு மாதத்துக்கு 480. இலவச 100 யூனிட் இரண்டு வாரத்துக்குள் தீர்ந்துவிடும். கதவிடுக்கு, ஜன்னல் இடைவெளிகளை அடைத்தால் ஹீட்டர் ஓடும் நேரம் குறையும்.

ஆனால் அப்படி அடைத்த அறைக்குள் கரி அடுப்பை ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை; தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். மலைக்குச் சுற்றுலா வரும் உறவினருக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.