படம் திருத்தக் கற்ற கதை

படம் திருத்தும் முறை பற்றி நம் மன்ற மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு ஆசிரியர் கேட்டபோது நான் உடனே இசையவில்லை. இக்கலையை எவரிடமும் முறையாகப் பயின்றவன் அல்லன் நான். விடுதி அறையில் பழைய மடிக்கணினி ஒன்றை வைத்துக்கொண்டு தப்பும் தவறுமாகத் தானே கற்றவன். "அந்தத் தவறுகளையே எழுதுங்கள், பிறருக்கு அதுதான் பயன்படும்" என்றார் ஆசிரியர். துணிந்துவிட்டேன். என் தவறுகளுள் பெரியது எதுவென்றால், என் பாட்டியின் படத்தைத் திருத்தப் போய், படத்திலிருந்து பாட்டியையே நீக்கிவிட்டதுதான்.

பாட்டி மறைந்து ஓராண்டு நிறைவதற்கு நான்கு மாதங்கள் இருந்தன. நினைவு நாளன்று மாலையிட்டு வைக்க ஒரு படம் வேண்டியிருந்தது. முதுமையில் கைபேசியில் எடுத்த படங்கள் பல உண்டு. ஆனால் அம்மா விரும்பியது, கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் பாட்டி இளமையில் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தை. அதன் பின்புறத்தில் மையினால் 1962 என்று எழுதியிருக்கிறது. அகலம் 3 அங்குலம், உயரம் 4 அங்குலம். தாள் பழுத்து மஞ்சளாகிவிட்டது; கன்னத்தின் குறுக்கே ஒரு மடிப்பு; எங்கு பார்த்தாலும் புள்ளிகளும் கீறல்களும். "தில்லியில் படிக்கிறாய், கம்ப்யூட்டர் தெரியும், நீதானப்பா சரி செய்து தரவேண்டும்" என்றார் அம்மா. கணினி தெரிந்தவனுக்குக் கணினியில் உள்ள எல்லாம் தெரியும் என்று நம் பெற்றோர் நினைப்பது உங்களுக்குத் தெரியாததன்று. விடுமுறை முடிந்து புறப்படுமுன் ஒரு கடையில் படத்தை ஸ்கேன் செய்து, பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

எந்த மென்பொருளைக் கொண்டு திருத்துவது? யாவரும் பெயரறிந்தது போட்டோஷாப். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ் நோல் 1987-இல் எழுதத் தொடங்கிய சிறு நிரலே அது. அவரும் அவர் உடன்பிறந்த ஜான் நோலும் சேர்ந்து வளர்க்க, அடோபி நிறுவனம் 1990-இல் அதை வெளியிட்டது. (ஆய்வேட்டைத் தள்ளிப்போட வழி தேடும் நம் நண்பர்கள் சிலர் இதனைச் சான்று காட்டுவார்களோ என அஞ்சுகிறேன்.) அதற்குச் சந்தா கட்ட வேண்டும், நம் உதவித்தொகை அதற்குத் தாங்காது. நான் எடுத்துக்கொண்டது கிம்ப். அதுவும் மாணவர் கைவண்ணமே. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்னும் இருவர் 1995-இல் தொடங்கியது. கட்டணமின்றிக் கிடைக்கும், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். இங்கே நான் சொல்லும் கருவிகள் பெரும்பாலும் இரண்டு மென்பொருள்களிலும் ஏறக்குறைய ஒரே பெயரில்தான் உள்ளன.

கருவிகளுக்கு முன், படம் என்பது கணினிக்கு என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது எண்களின் கட்டம், அவ்வளவே. ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்செல். கறுப்பு வெள்ளைப் படத்தில் பிக்செல் ஒன்றுக்கு ஓர் எண்: 0 என்றால் முழுக் கருமை, 255 என்றால் முழு வெண்மை, இடைப்பட்டவை சாம்பல் நிறத்தின் படிகள். வண்ணப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். எந்த எண் எத்தனை பிக்செல்களில் வருகிறது என்று மலைத்தொடர் போல வரைந்து காட்டும் படத்திற்கு ஹிஸ்டோகிராம் என்று பெயர். படத்தைப் பார்க்குமுன் ஹிஸ்டோகிராமைப் பார்க்கப் பழகியவன் பாதி வேலையை முடித்தவன் ஆவான்.

நாம் எல்லோரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டைக் கூறுகிறேன். தில்லியில் தைப்பொங்கலன்று காலையில் மூடுபனி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை. கம்பளிச் சட்டையும் சால்வையுமாக நாம் பானையைச் சுற்றி நின்று எடுத்துக்கொண்ட படங்கள், பாலில் நனைத்த துணியால் துடைத்தாற்போல் வெளிறிக் கிடக்கும். அத்தகைய படத்தின் ஹிஸ்டோகிராமைத் திறந்தால், மலை முழுவதும் 90-க்கும் 200-க்கும் இடையில் குவிந்திருக்கும். உண்மையான கருமையும் இல்லை, உண்மையான வெண்மையும் இல்லை என்பது இதன் பொருள். கிம்பில் கலர்ஸ் என்னும் பட்டியலில் லெவல்ஸ் என்பதைத் திறந்தால், ஹிஸ்டோகிராமின் அடியில் மூன்று சிறு முக்கோணங்கள் தெரியும். இடப்பக்கத்து முக்கோணத்தை மலை தொடங்கும் இடத்துக்கும், வலப்பக்கத்து முக்கோணத்தை மலை முடியும் இடத்துக்கும் நகர்த்துங்கள். 90 இருந்த இடம் 0 ஆகிறது. 200 இருந்த இடம் 255 ஆகிறது. இடைப்பட்டவை விரிந்து கொடுக்கின்றன. பனி விலகியது போல் முகங்கள் வெளிவரும். முதன்முதலாக அதைக் கண்டபோது நான் அறை நண்பனை எழுப்பிக் காட்டினேன். அவன் அவ்வளவாக மகிழவில்லை, மணி இரண்டு.

ஆனால் அதே படத்தில் அடுப்புத் தீயைப் பாருங்கள். ஹிஸ்டோகிராமின் வலக்கோடியில் ஒரு முள் தனித்து நிற்கும். அங்கே எல்லாப் பிக்செல்களும் 255. படம் எடுக்கும்போதே அவ்விடம் எரிந்துபோய்விட்டது. எந்த முக்கோணத்தை எப்பக்கம் இழுத்தாலும் அதில் தழல் தெரியாது, ஏனெனில் அங்கே எதுவும் பதிவாகவில்லை. இக்காலத்துச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அவ்விடத்தில் அழகான தீ ஒன்றை நிரப்பித் தரும். நம் அடுப்பில் எரிந்த தீ அன்று அது.

இவ்வளவும் தெரிந்த பின்புதான் நான் பாட்டியின் படத்தில் கைவைத்தேன். தெரிந்தும் என்ன செய்தேன்? பென் டிரைவில் இருந்த கோப்பையே நேராகத் திறந்தேன். ஹீலிங் என்றொரு கருவி உண்டு. பழுதில்லாத ஓரிடத்தைக் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கிக் காட்டிவிட்டுப் பழுதான இடத்தில் தேய்த்தால், நல்ல இடத்தின் இழைவைக் கொண்டுவந்து, சுற்றுப்புறத்தின் வெளிச்சத்தோடு பொருந்துமாறு ஒட்டிவிடும். மந்திரம் கற்றவன் போல் அதைக்கொண்டு புள்ளி ஒன்று விடாமல் துடைத்தேன். கன்னத்தை மழமழவென்று ஆக்கினேன். லெவல்ஸில் நடு முக்கோணம் இருக்கிறதே, அது படத்தின் இடைநிறங்களை வெளிச்சமாக்குவது; அதை இழுத்து முகத்தை "எடுப்பாக" ஆக்கினேன். பழைய கோப்பின் மேலேயே எழுதிவிடும் கட்டளையைக் கொடுத்து, மூடிவிட்டு, அன்றிரவே வாட்ஸப்பில் அம்மாவுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலையில் அம்மா கூப்பிட்டார்.

"படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது யாரப்பா?"

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"புருவத்துக்கு மேலே தழும்பு எங்கே? சின்ன வயதில் துவைக்கிற கல்லில் விழுந்து பட்டது. குழந்தையில் அதைத் தடவிக்கொண்டேதான் நான் தூங்குவேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "அம்மா இவ்வளவு வெளுப்பும் இல்லை. நல்ல கறுப்பு" என்றார்.

தாளில் விழுந்த கீறல் என்று எண்ணித் தழும்பை அழித்திருந்தேன். அது அறியாமை. ஆனால் முகத்தை வெளுப்பாக்கியதற்கு அறியாமையைக் காரணம் காட்ட முடியுமா? ஒருவரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மங்கலைப் போக்குவதற்கும் கறுப்பைப் போக்குவதற்கும் ஒரே முக்கோணத்தைத்தான் நகர்த்துகிறோம். எங்கே நிறுத்துவது என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். என் கண் தவறாகச் சொன்னது. அந்நாளைய ஸ்டூடியோக்களில் நெகட்டிவின் மேல் கூரிய பென்சிலால் தீட்டி முகச் சுருக்கத்தையும் வடுவையும் மறைப்பது வழக்கம் என்று அறிவேன். 1962-இல் எங்கள் ஊர்ப் பக்கத்துப் படக்காரர் விட்டுவைத்த தழும்பை நான் எடுத்தேன். பெரிய பத்திரிகைகளும் இதற்கு விலக்கல்ல. நேஷனல் ஜியாகிரபிக் இதழ் 1982 பிப்ரவரியில் அகலமான படம் ஒன்றை நீள அட்டைக்குள் அடக்குவதற்காகக் கீசாவின் பிரமிடுகளையே நெருக்கி வைத்துக் கண்டனத்துக்கு ஆளாயிற்று.

மீண்டும் பழையபடி ஆக்கலாம் என்றால் வழியில்லை. மென்பொருளை மூடியவுடன் அன்டூ வரிசை போய்விடுகிறது. ஜேபெக் கோப்போ, சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இடத்தைச் சுருக்குவதற்காகச் சில நுட்பங்களை உதிர்த்துவிடும் தன்மையது. கடைக்காரரும் தம் பிரதியை அழித்திருந்தார். ஊரில் இருக்கும் தம்பியைக் கெஞ்சி மறுபடி ஸ்கேன் செய்ய வைத்தேன். அதனால் ஒரு நன்மையும் விளைந்தது. முதல் முறை ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்னும் அளவில் எடுத்திருந்ததால் 900-க்கு 1200 பிக்செல்களே கிடைத்திருந்தன. இம்முறை 600-இல் எடுக்கச் சொன்னேன். 1800-க்கு 2400 கிடைத்தது. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 வேண்டும் என்று கொண்டால், இது 6-க்கு 8 அங்குலப் படத்துக்குச் சரியாகப் போதும். கறுப்பு வெள்ளைப் படமாயினும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யவேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். ஏன் என்பது இனி விளங்கும்.

முதலில் கோப்பைப் பிரதி எடுத்து, மூலத்தை வேறோர் இடத்தில் வைத்துவிட்டேன். பிரதியைத் திறந்து, டிகம்போஸ் என்னும் கட்டளையால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்தேன். மஞ்சள் கறை நீல ஒளியை விழுங்கும் இயல்புடையது. ஆதலின் நீலப் பகுதியில் கறை அப்பட்டமாகத் தெரிந்தது, சிவப்புப் பகுதியில் பெரும்பாலும் மறைந்தே போயிற்று. சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டேன். அறுபது ஆண்டு மஞ்சள் ஒரு நொடியில் அகன்றது! வெறும் சாம்பலாக ஸ்கேன் செய்திருந்தால் இது இயலாது.

அடுத்து லெவல்ஸ். பாட்டியின் தலையில் இருந்த மல்லிகைச் சரத்தை வெண்மைக்கும் கூந்தலைக் கருமைக்கும் அளவாகக் கொண்டு ஓர முக்கோணங்களை நிறுத்தினேன். நடு முக்கோணத்தைத் தொடவில்லை. முகம் தன் நிறத்தில் தானே வந்து நின்றது.

பின்பு, படத்தின் மேல் வெறுமையான லேயர் ஒன்றைப் போட்டேன். லேயர் என்பது படத்தின் மீது விரித்த கண்ணாடித் தாள். ஹீலிங் கருவியின் அமைப்புகளில் சாம்பிள் மெர்ஜ்டு என்பதைத் தேர்ந்தால், கீழே உள்ள படத்தைப் பார்த்து மேலே உள்ள தாளில் தீட்டும். பிழைத்தால் தாளில் உள்ளதை அழிக்கலாம். படத்துக்கு ஒன்றும் நேராது. சேலைக் கரை, தாடை விளிம்பு போன்ற இருள் ஒளி சந்திக்கும் இடங்களில் ஹீலிங் கருவி நிறத்தை இழுத்து அப்பிவிடும். அங்கெல்லாம் உள்ளதை உள்ளபடியே பெயர்த்து வைக்கும் குளோன் கருவிதான் ஏற்றது. இத்தனையையும் லேயர் குலையாமல் வைத்திருக்க, கிம்பின் எக்ஸ்சிஎஃப் வடிவில் சேமிக்க வேண்டும். ஜேபெக் என்பது எல்லாம் முடிந்தபின் ஏற்றுமதி செய்வதற்கு.

தாளில் உள்ள கீறல் எது, முகத்தில் உள்ள வடு எது? இதுவே எனக்குப் பெரிய கேள்வி. தம்பி மூலப் படத்தைப் பக்கவாட்டில் பிடித்துக் கைபேசி விளக்கைச் சாய்வாக அடித்துப் பார்த்தான்; தாளின் கீறல்கள் அவ்வொளியில் பள்ளமாகத் தெரியும், முகத்தின் வடு தெரியாது. அப்படியும் ஐயம் தீராத பதினொரு இடங்களை வட்டமிட்டு, எண் போட்டு, அம்மாவுக்கு அனுப்பினேன். அன்றிரவு ஒரு மணி நேரம் பேசினோம். "ஒன்றும் இரண்டும் அழுக்கு. மூன்று தழும்பு, தொடாதே. ஏழு மூக்குத்தியின் பளபளப்பு, அடகு வைப்பதற்கு முன் எடுத்த படம் இது" என்று சொல்லிக்கொண்டே போனார். மூக்குத்தி அடகு போன கதை அதுவரை எனக்குத் தெரியாது. எட்டாவது இடம் அம்மாவுக்கும் தெரியவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

கன்னத்து மடிப்பு ஒரு கண்ணின் ஓரத்தைத் தொட்டுச் சென்றிருந்தது. அங்கே தாளின் பூச்சே உதிர்ந்துவிட்டது. மற்றொரு கண்ணைப் பெயர்த்துத் திருப்பி வைக்கலாம், செய்தும் பார்த்தேன், பாட்டி வேறெங்கோ பார்ப்பது போலாயிற்று. மடிப்புக்கென்று போட்டிருந்த லேயரின் ஒப்பாசிட்டியை 70 விழுக்காட்டுக்குக் குறைத்து, கோடு மெல்லத் தெரியும்படி விட்டுவிட்டேன். கடைசியாக அன்ஷார்ப் மாஸ்க் கொண்டு சிறிதளவு கூர்மை சேர்த்தேன். அது எப்போதும் கடைசியில், அதுவும் உப்புப் போடுவதுபோல்.

6-க்கு 8 அளவில் அச்சிட்டுச் சட்டமிட்ட படம் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. நினைவு நாளன்று அம்மா அதற்குச் சந்தனம் வைத்ததைத் தம்பி படமெடுத்து அனுப்பினான். நெற்றியின் நடுவில் வைக்கவேண்டிய பொட்டு சற்று விலகிப் புருவத்துக்கு மேலே இருந்தது.

கற்க விரும்பும் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் என் அறைக்கு வரலாம். தேநீர் என் செலவு. படத்துக்கு இரண்டு பிரதிகள் எடுத்துக்கொண்டு வாருங்கள்.