உயரமும் இரத்த ஆக்சிஜனும்: கிளைடர் விமானிகள் கற்றுத்தரும் பாடம்

இன்ஜின் இன்றிப் பறக்கும் இலகுவான விமானமே கிளைடர். மலைத்தொடரைக் கடந்து வீசும் காற்று, மறுபுறத்தில் அலைபோல் மேலெழுகிறது. அவ்வலையின் துணையுடன், அமெரிக்காவின் சியரா நெவாடா, தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் ஆகிய மலைப்பகுதிகளில் கிளைடர்கள் 20,000 அடிக்கும் மேல் ஏறுகின்றன. பயணிகள் விமானத்தைப் போலக் காற்றழுத்தம் காக்கப்பட்ட அறை பெரும்பாலான கிளைடர்களில் இல்லை. ஆகவே விமானிகள் பலர் விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் அணிகின்றனர். நம் வீடுகளில் உள்ள அதே கருவிதான் அது. அவர்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு, நுரையீரல், இதய நோயாளிகளுக்கும் பயன்படும்.

ஆக்சிஜன் ஏன் குறைகிறது?

மலையுச்சியிலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். கடல்மட்டத்தில் 760 மி.மீ. பாதரச அளவாக இருக்கும் அழுத்தம், 18,000 அடியில் ஏறத்தாழப் பாதியாகிறது. நுரையீரலிலிருந்து இரத்தத்திற்குள் ஆக்சிஜனைச் செலுத்தும் விசையும் அதற்கேற்பக் குறைகிறது. இரத்த ஆக்சிஜன் செறிவு 90 விழுக்காடு வரை மெதுவாகவே இறங்கும். அதற்குக் கீழே சரிவு மிக விரைவானது.

உணர முடியாத ஆபத்து

1875 ஏப்ரல் 15 அன்று பிரான்சில் ‘செனித்’ என்னும் பலூனில் மூவர் 8,000 மீட்டருக்கும் மேல் சென்றனர். ஆக்சிஜன் பைகள் அருகில் இருந்தும், அவற்றை எடுக்க இயலாமல் மயங்கினர். இருவர் இறந்தனர். உயிர் தப்பிய கஸ்தோன் திசாந்தியே, அப்போது தமக்குத் துன்பம் தெரியவில்லை, மகிழ்ச்சியே தோன்றியது என எழுதினார். மூளைக்கு ஆக்சிஜன் குறையும்போது முதலில் மங்குவது, ஆபத்தை அறியும் திறனே. எனவேதான் அமெரிக்க விதிகள் விமானியின் உணர்வை நம்புவதில்லை. அறையின் உயரம் 12,500 அடியைத் தாண்டி 30 நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலும், 14,000 அடியைத் தாண்டிய உடனேயும் விமானி கூடுதல் ஆக்சிஜன் பயன்படுத்தியாக வேண்டும்.

கருவியின் எல்லைகள்

1970களில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி கண்டறிந்த முறையில் இக்கருவி இயங்குகிறது. சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலை ஊடுருவும்போது எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்பதிலிருந்து செறிவு கணக்கிடப்படுகிறது. கீழ்க்கண்டவற்றை நினைவிற்கொள்க:

• குளிர்ந்த விரல், அசைவு, நகப்பூச்சு, அடர்ந்த மருதாணி ஆகியவை அளவைப் பிழையாக்கலாம்.
• கருமை நிறத் தோலில், உண்மையான செறிவைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும்.
• புகைபிடிப்போரின் இரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜன் என்றே கருவி கணக்கிடும்.
• இரத்தசோகையில் செறிவு இயல்பாகத் தோன்றினாலும், இரத்தம் சுமக்கும் ஆக்சிஜனின் மொத்த அளவு குறைவே.
• உடலில் நிகழும் மாற்றம் விரலில் தெரியச் சிறிது நேரம் ஆகும். ஒரு முறை பார்த்த எண்ணைவிட, தொடர்ந்து இறங்கும் போக்கே முக்கியம்.

விமானப் பயணம் செல்லும் நோயாளிகளுக்கு

பயணிகள் விமானத்தின் அறை அழுத்தம், அதிகபட்சம் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்கு ஒப்பானது. அங்கு நலமுள்ளவரின் செறிவும் 90 விழுக்காட்டைச் சற்றே தாண்டிய அளவுக்கு இறங்கலாம், அது இயல்பே. ஆனால் நாட்பட்ட நுரையீரல் நோய், இதயச் செயலிழப்பு, கடும் இரத்தசோகை உள்ளவர்களுக்கு இவ்விறக்கம் தாங்க முடியாததாகலாம்.

• பயணச்சீட்டு எடுக்கும் முன்பே மருத்துவரிடம் ஆலோசனை பெறுங்கள். தரையில் இயல்பான அளவு இருப்பது மட்டுமே போதிய உறுதி ஆகாது.
• ஆக்சிஜன் தேவை எனில் விமான நிறுவனத்தின் முன் அனுமதியைப் பெறுங்கள். வீட்டு சிலிண்டரை நேரடியாக எடுத்துச் செல்ல இயலாது.
• இன்ஹேலரையும் மருந்துகளையும் கைப்பையிலேயே வையுங்கள்.
• குழப்பம், உதடு நீலமாதல், கடும் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவை தோன்றினால், கருவி காட்டும் எண் நன்றாக இருந்தாலும் பணியாளரை உடனே அழையுங்கள்.

பாதிக்கப்பட்டவர் தம் நிலையைத் தாமே உணராமல் இருக்கலாம். ஆகவே இவ்வறிகுறிகளை உடன் பயணிக்கும் குடும்பத்தினர் அறிந்திருப்பது அவசியம்.