மீட்டர் ஓடவில்லை, ஏர்கோன் ஓடுகிறது

பினாங்கில் எந்தக் கோப்பிக் கடையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. "ஸ்மார்ட் மீட்டர் மாட்டிட்டுப் போனாங்க, அடுத்த மாசமே பில் எகிறிப் போச்சு." லிட்டில் இந்தியா கடைக்காரர் சொல்கிறார், ஆயர் ஈத்தாம் பிளாட்டில் இருக்கும் பாட்டி சொல்கிறார், கோயில் கூட்டத்தில் நிர்வாகக் குழுவே சொல்கிறது. மின்சாரத்தின் தரத்தை அளந்து பிழைக்கிறவன் நான். கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, மீட்டர் பார்ப்பவர் வரவில்லை. மே மாத நடுவில் அவர் மறுபடி வந்தபோது விட்டுப்போன மாதங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே பில்லாக விழுந்தன. நாடே கொந்தளித்தது. அப்போது ஸ்மார்ட் மீட்டர் பரவலாக இருந்தது மலாக்காவில்தான். பினாங்கில் கத்திய வீடுகளின் சுவரில் தொங்கியது பெரும்பாலும் பழைய மீட்டர். ஆகவே, பில் எகிற ஸ்மார்ட் மீட்டர் தேவையே இல்லை. குடும்பம் முழுக்க வீட்டிலேயே கிடந்து ஏர்கோனைப் போட்டால் போதும்.

கணக்கைப் பாருங்கள். 2014 முதல் 2025 ஜூன் வரை, எரிக்க எரிக்க வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும் முறை இருந்தது. முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென், அடுத்த 100-க்கு 33.4, அதற்கடுத்த 300-க்கு 51.6. 300 யூனிட் எரித்தால் 77 வெள்ளி. 600 எரித்தால் 231 வெள்ளி 80 சென். பயன்பாடு இரட்டித்தால் பில் மூன்று மடங்கு! சாதாரண ஒரு குதிரைசக்தி ஏர்கோன் இரவு முழுக்க ஓடினால் மாதம் 150 யூனிட் அளவு தின்னும். வெயில் மாதத்தில் இரண்டு அறைக்கும் போட்டுவிட்டு மீட்டரை முறைத்தால் என்ன அர்த்தம்? 2025 ஜூலை 1 முதல் கட்டண அமைப்பே மாறிவிட்டது. அதே வாரத்தில் மீட்டரும் மாறியிருந்தால் பழி யார் தலையில் விழும் என்று சொல்லவா வேண்டும்!

பழைய மீட்டருக்குள் ஓர் அலுமினியத் தட்டு சுழல்கிறது. வயதானால் உராய்வு கூடி அது மெல்லத்தான் சுற்றும். கைப்பேசி சார்ஜர், அணைக்காமல் விட்ட டிவி, வைஃபை பெட்டி போன்ற சில்லறைச் சுமைகளுக்கு அது அசையாமலே இருந்துவிடுவதும் உண்டு. புது மீட்டர் அந்தச் சில்லறையையும் எண்ணுகிறது. அதனால் பில்லில் கொஞ்சம் கூடலாம், ஒப்புக்கொள்கிறேன். இத்தனை காலம் கிடைத்த இலவசம் நின்றது, அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் ஓர் ஆய்வும் சுற்றுகிறது. அது பொய்யில்லை. 2017-ல் நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தார் ஒன்பது மீட்டர்களைச் சோதித்தார்கள். ஐந்து கூடுதலாகக் காட்டின, ஒரு நிலையில் 582 சதவீதம் வரை. ஆனால் அங்கே மீட்டரில் பூட்டியது சாதாரண வீட்டுச் சுமை இல்லை. டிம்மர் வழியாக எல்இடி, மின்சேமிப்பு விளக்குகளை எரித்து மின்னோட்ட அலையைக் கன்னாபின்னாவென்று சிதைத்த ஆய்வகச் சோதனை அது. இரண்டு மீட்டர்கள் 30 சதவீதம் குறைத்தும் காட்டின. செய்தியை அனுப்புகிறவர் அந்த இரண்டைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

இன்னும் சந்தேகமா? நீங்களே சோதியுங்கள். மீட்டர் முகப்பில் ஒரு சின்ன விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அருகிலேயே அச்சிட்டிருக்கும். 1,000 என்றிருந்தால், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 3,600 வாட் சுடுநீர்க் கருவியை முழு அளவில் திருப்புங்கள். விநாடிக்கு ஒரு மினுக்கல் வரவேண்டும். தெளிவாகவே வேகமாக மினுக்கினால் சோதித்துத் தரும்படி மின்விநியோக நிறுவனமான தெனாகா நேஷனலிடம் எழுதிக் கேளுங்கள். அப்படி மினுக்காவிட்டால் வாயை மூடுங்கள்.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. கதிர்வீச்சா? மீட்டர் கணப்பொழுது பேசி ஓய்கிறது, நீங்கள் காதோடு ஒட்டிவைத்திருக்கும் கைப்பேசியைப் பற்றிக் கவலைப்படுங்கள். கூரையில் சோலார் இருந்தால் கரண்ட் போனாலும் வீட்டில் விளக்கு எரியுமா? எரியாது. மின்கட்டமைப்பு செத்தால் இன்வெர்ட்டரும் தானே நிற்கும், இல்லையென்றால் கம்பத்தில் வேலை பார்ப்பவர் உயிர் போகும். பேட்டரியும் அதற்கான மாற்று இணைப்பும் இருந்தால் மட்டுமே வெளிச்சம். சோலார் அதிகமானால் நாடே இருண்டுவிடும் என்று ஸ்பெயினைக் காட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2025 ஏப்ரல் 28-ல் அங்கே நடந்தது வோல்டேஜ் கட்டுக்கடங்காமல் ஏறி மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்ற கதை. 1996 ஆகஸ்ட் 3-ல் நம் தீபகற்பம் முழுக்க இருண்டதே, அன்று யார் கூரையில் சோலார் இருந்தது?

வோல்டேஜ் என்றதும் என் தொழில் வந்துவிட்டது. 1972 முதல் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. எங்கோ தொலைவில் கம்பியில் மின்னல் விழுந்தாலோ, மண் தோண்டும் இயந்திரம் கேபிளைக் கடித்தாலோ, இங்கே விநாடியில் ஒரு சிறு பங்கு நேரம் வோல்டேஜ் சரியும். விளக்கு லேசாகச் சிமிட்டும், உள்ளே சிப் செய்யும் இயந்திரம் நின்றுபோகும். அதனால்தான் சிப் தொழிலின் செமி எஃப்47 தரவிதி, வோல்டேஜ் பாதியாகச் சரிந்தாலும் 0.2 விநாடி தாக்குப்பிடிக்கும் இயந்திரத்தைக் கேட்கிறது. அந்தத் தொழிற்சாலைகளிடம் அளவுக் கருவி உண்டு, ஆள் உண்டு, பணம் உண்டு.

உங்கள் தாமானில் என்ன இருக்கிறது? நம் நாட்டில் வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட். 216 வரை இறங்கலாம், 253 வரை ஏறலாம். நண்பகலில் வரிசை வீடுகளின் சோலார் எல்லாம் மின்சாரத்தைத் திருப்பித் தள்ளும்போது கம்பியின் கடைசி வீட்டில் வோல்டேஜ் ஏறும். இரவு ஏழரைக்கு எல்லா ஏர்கோனும் ஓடி, நான்கு மின்கார்களும் சார்ஜ் ஏறினால் இறங்கும். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாது. உங்கள் சந்தில் கரண்ட் போனதே நீங்கள் போன் செய்தால்தான் தெரியும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. ஸ்மார்ட் மீட்டர் வோல்டேஜையும் பார்க்கும், கரண்ட் போகும்போது கடைசி மூச்சில் தகவலும் அனுப்ப முடியும். இதை வேண்டாம் என்று மறியல் செய்துவிட்டு "ஐஸ்பெட்டி அடிக்கடி போகுது" என்று என்னிடம் வந்து நிற்கிறார்கள்.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. யூனிட்டையும் வெள்ளியையும் தெனாகாக்காரர்கள் செயலியில் காட்டுகிறார்கள். என் வீட்டுக்கு நேற்று எத்தனை வோல்ட் வந்தது, எத்தனை மணிக்குச் சரிந்தது என்பதையும் காட்டட்டும். அளப்பது என் சுவரில், கணக்கு மட்டும் அவர்களிடமா? குடியிருப்போர் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில் மீட்டரைத் திட்டும் தீர்மானத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, வீடுவாரியான வோல்டேஜ் பதிவைக் கேட்டுத் தெனாகாவுக்கு ஒரு கடிதம் எழுதட்டும். நகல் எரிசக்தி ஆணையத்துக்கு.