பாகம் பிரிக்கும் முன்னே



திருவண்ணாமலை வட்டாரத்து உழவர் குடும்பங்களில் நிலத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது பற்றிய பேச்சு, பெரும்பாலும் பெரியவர் கண்மூடிய பிறகே தொடங்குகிறது. அவர் இருக்கும்போதே அதைப் பேசி எழுதிவைப்பதுதான் நிலத்தையும் உறவையும் ஒருசேரக் காக்கும் வழியாகும்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உழவரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. சாத்தனூர் அணையின் நீரும் ஏரிப் பாசனமும் எட்டாத இடங்களில் நெல்லும் மணிலா எனப்படும் நிலக்கடலையும் கரும்பும் பாறையை உடைத்துத் தோண்டிய கிணறுகளை நம்பியே விளைகின்றன. நிலத்தைச் சர்வே எண்ணின் உட்பிரிவுகளாகப் பிரிக்கலாம்; கிணற்றைப் பிரிக்க இயலாது. ஆகவே யாருக்கு எத்தனை பங்கு தண்ணீர், எந்த நாளில் யார் முறை, மோட்டாரின் செலவு யாருடையது, ஒருவர் பெயரில் உள்ள இலவச மின் இணைப்பை மற்றவர் எவ்வாறு பயன்படுத்துவது, வாய்க்காலும் வண்டிப்பாதையும் யார் நிலத்தின் வழியே செல்லும் என்பனவெல்லாம் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இடம்பெற வேண்டும். தண்ணீர்ப் பங்கு இல்லாத வயல், பட்டா இருந்தும் மழையை நோக்கியே கிடக்கும்.

அடுத்தது, யாருக்கெல்லாம் உரிமை உண்டு என்பது. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சுயார்ஜித நிலம், அதாவது அவர் தாமே ஈட்டியது, தாய், மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோருக்குச் சமமாகச் சேரும். வழிவழியாக வந்த கூட்டுக்குடும்பச் சொத்திலும் பிறப்புரிமையைத் தமிழ்நாடு 1989-இல், அதுவரை மணமாகாத மகள்களுக்கு வழங்கியது; 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த உரிமையை மணமான மகள்களுக்கும் விரிவாக்கியது. எனவே மகளை விட்டுவிட்டு எழுதும் பாகப்பிரிவினை நீதிக்கும் பொருந்தாது, சட்டத்தின்முன் நிலைப்பதும் அரிது.

இந்த உரிமைகளை எழுதிவைக்கும் வழிகளுள் உயில், எழுதியவர் இறந்த பிறகே நடைமுறைக்கு வருவது. வாழும் காலம்வரை அவர் அதை மாற்றலாம். தான செட்டில்மெண்ட் பத்திரமோ பதிவானதும் உரிமையை உடனே மாற்றிவிடுவதால், பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை அதில் எழுதுவது அவசியம். அந்நிபந்தனை மீறப்பட்டால் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். பதிவோடு வேலை முடிவதில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டாவும் பெயர் மாறியாக வேண்டும்.

உரிமை பலருக்குச் சேர்ந்தாலும் உழவு சிதறவேண்டியதில்லை. நகரத்தில் வேலை பார்க்கும் உடன்பிறப்புகள் தங்கள் பங்கை ஊரில் உழுபவரிடம் எழுத்து மூலம் குத்தகைக்கு விடலாம். விற்பதாயின், வாங்கும் முன்னுரிமையை மேற்கண்ட 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு உடன்வாரிசுகளுக்கு அளிக்கிறது.

எந்தப் பத்திரமும் தராத ஒன்று உண்டு: எந்த வயல் ஈரம் காக்கும், கோடையில் எந்த ஊற்று வற்றும், விதைக்கு எதை ஒதுக்குவது என்ற அறிவு. தந்தையிடமும், களையெடுத்து விதை காத்த தாயிடமும் அதைக் கற்க, ஒரு வயலையாவது வரவு செலவுக் கணக்கோடு இளையோர் இப்போதே பொறுப்பேற்பது நல்லது. நிலம் கைக்கு வரும் நாளில் உழத் தெரிந்த கையாக அது இருக்க வேண்டும்.


ஊர் நலம் நாடும் ஒருவர்