வீட்டுக்கு அனுப்பப்பட்டவன்

வேதபாடம்: மாற்கு 5:1–20



கதரேனருடைய நாட்டில் கல்லறைகளுக்குள் வாழ்ந்த மனிதனின் சரித்திரம் நமக்குத் தெரிந்ததே. இம்முறை அவனுடைய ஊராரைக் கவனித்துப் படிப்போம். ஒரு காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: மனநோயாளிகள் எல்லாரும் பிசாசு பிடித்தவர்கள் என்று இப்பகுதி போதிக்கவில்லை. மனச்சிதைவும் மனச்சோர்வும், நீரிழிவைப்போல, சிகிச்சை வேண்டிய நோய்களே. ஆனால் ஊரால் ஒதுக்கப்பட்டவனுடைய வேதனை அன்றும் இன்றும் ஒன்றுதான்.

1. ஊர் அறிந்த வழி சங்கிலி

ஊரார் அவனைப் பலமுறை சங்கிலிகளால் கட்டிப்பார்த்தார்கள், பலனில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகள் தங்கியிருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓடித் தப்பமுடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். இதை வேறொரு மதத்தாரின் குறை என்று தள்ளிவிட வேண்டாம். கட்டிவைக்கும் வழக்கம் நம்மவர்களிடத்திலும் இருந்ததுண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதை முற்றிலும் தடைசெய்கிறது. சமுதாயத்தோடு சேர்ந்து வாழும் உரிமையையும் நோயாளிக்கு அளிக்கிறது.

2. சுகமானவனைக் கண்டு பயந்தார்கள்

அவன் தெளிந்த மனதோடு அமர்ந்திருந்தபோது ஊரார் மகிழவில்லை, பயந்தார்கள். இயேசுவையே தங்கள் எல்லையைவிட்டுப் போகும்படி கேட்டார்கள். நம் சபைகளும் இப்படிச் செய்வதுண்டு.

எங்கள் மருத்துவமனையில் மனச்சிதைவுக்குச் சிகிச்சை பெற்ற ஒரு வாலிபர் நன்றாகத் தேறி வீடு திரும்பினார். ஆலயத்தில் அவர் அமர்ந்த பெஞ்சில் வேறொருவரும் அமரவில்லை. ஜெபக்கூட்டத்தில் ஒருவர், விசுவாசமிருந்தால் மாத்திரை எதற்கு என்று கேட்டார். நாங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தோம். சபை நடுவே மறுத்துப் பேசத் தயங்கி மௌனமாயிருந்துவிட்டோம். அவர் மாத்திரையை நிறுத்தினார். மூன்று மாதங்களில், முன்னிலும் மோசமான நிலையில் அவருடைய தாயார் அவரைத் திரும்ப அழைத்துவந்தார். அந்த மௌனத்துக்காக ஆண்டவரிடத்திலும் அந்தத் தாயிடத்திலும் மன்னிப்புக் கேட்டோம்.

3. ஆண்டவர் படகில் ஏற்றிக்கொள்ளவில்லை

சுகமானவன் இயேசுவோடேகூட வர வேண்டிக்கொண்டான். அவரோ அவனைத் தன் வீட்டாரிடம் அனுப்பினார். வீடு சேர்வதும் சுகத்தின் ஒரு பகுதியே என்று இதிலிருந்து கற்கிறோம்.

பெல்ஜியம் நாட்டில் கேல் என்றோர் ஊர். அங்குள்ள பரிசுத்த திம்ப்னா ஆலயத்துக்குச் சுகம் நாடி வந்த மனநோயாளிகளுக்கு இடம் போதாமற்போகவே, ஊரார் அவர்களைத் தங்கள் வீடுகளில் சேர்த்துக்கொண்டார்கள். பல நூற்றாண்டுகளாக அது தொடர்கிறது. 1930-களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அப்படி வாழ்ந்தார்கள். அந்தக் குடும்பத்தார் மருத்துவர்களல்லர். சாப்பாட்டு மேசையில் ஓர் இடமும், செய்ய ஒரு வேலையும் கொடுத்தார்கள்; அவ்வளவே.

மேற்சொன்ன வாலிபரின் சபையிலும் நான்கு பேர் முன்வந்தார்கள். ஒருவர் மாதந்தோறும் அவரோடு பஸ் ஏறி மருந்து வாங்க வருகிறார். ஒருவர் தன் தோட்டத்தில் வேலை கொடுத்தார். இரண்டு சகோதரிகள் அவருடைய தாயாரோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுகிறார்கள். அவருக்கு இன்னும் சில நாட்களில் குரல்கள் கேட்கத்தான் செய்கின்றன. ஆனாலும் சென்ற அறுப்பின் பண்டிகையில் பெஞ்சுகளைத் தூக்கிவைத்தவர்களில் அவரும் ஒருவர். இப்போது அவர் தனியாக உட்காருவதில்லை.

உங்கள் காணிக்கைகள் மருந்துக்கும் பஸ் கட்டணத்துக்கும் உதவுகின்றன. அதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம். பெஞ்சில் பக்கத்தில் அமருவதை மட்டும் எந்தக் காணிக்கையாலும் வாங்க முடியாது. அதை நாம்தான் செய்யவேண்டும்.

தியானிக்க:

• நம் தெருவில் பூட்டிய அறைக்குள் இருப்பவர் யார்? அவரைப் பராமரிக்கிறவரை நாம் கடைசியாக விசாரித்தது எப்போது?

• மருந்தைக் குறைசொல்லும் பேச்சு எழும்போது நாம் பேசுவோமா, மௌனமாயிருப்போமா?

• உதவி தேவைப்படுவோருக்கு, 14416 என்ற அரசின் இலவச மனநலத் தொலைபேசி எண்ணை இவ்வாரம் யாருக்குச் சொல்லுவோம்?