முறைத் தண்ணீரில் தகராறு வந்தால்

பருவமழை ஓய்ந்து ஏரியில் நீர் குறையும் மார்கழி, தை மாதங்களில்தான் வாய்க்கால் வரப்பில் சண்டை மூளுகிறது. தலைமடைக்காரர் முறை தப்பி இரவில் மடையைத் திறந்துகொண்டால் கடைமடை வயல் காய்கிறது. நெற்பயிர் சூல்கட்டும்போதோ பூக்கும்போதோ இவ்வாறு நேர்ந்தால் பதர் மிகுந்து மகசூல் குறையும். பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் ஈடாகாது. ஆகவே, புகாரை அடுத்த ஊர்க்கூட்டம் வரை தள்ளிப் போடலாகாது. அன்றே வயலுக்குச் சென்று விசாரிக்க வேண்டும்.

முறை மீறியவர் எல்லோரும் திருடர் அல்லர். கிளை வாய்க்கால் தூர்ந்து, தமக்குரிய நேரத்தில் பாதி வயல்கூட நனையாதவர் மடையை அடைக்க மறுப்பதுண்டு. அங்கே தேவை அபராதமன்று, மண்வெட்டி. இரவு முறை ஒருவருக்கே தொடர்ந்து விழுவதும் மீறலுக்கு ஒரு காரணம். ஒவ்வொரு சுற்றிலும் இரவையும் பகலையும் மாற்றி வைத்தால் இக்குறை தீரும்.

வேண்டுமென்றே மீறுபவருக்கும் எடுத்த எடுப்பில் பெருந்தண்டம் விதிப்பது பயனற்றது, பகைதான் வளரும். முதல் முறை அண்டை வயல்காரர்கள் முன்னிலையில் எச்சரித்து நோட்டில் எழுதிவைத்தால் போதும். மறுமுறை, எடுத்த நேரத்தை அவருடைய அடுத்த முறையில் கழித்து, நஷ்டப்பட்டவருக்குக் கொடுக்கலாம். பயிர் பூக்கும் தருணமாயின் நீரைக் கழிக்காமல் வாய்க்கால் வெட்டும் வேலையைக் கொடுப்பதே முறை. அதற்கும் அடங்காதவருக்கே அபராதம். தொகையை நாற்று விடுமுன்பே அனைவரும் கூடி நிர்ணயிக்க வேண்டும். பல நாடுகளின் பொதுப் பாசனங்களை ஆராய்ந்து 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ராம் அம்மையாரும், படிப்படியாக ஏறும் தண்டனையே நீண்டநாள் நிலைத்த அமைப்புகளில் காணப்படுவதாக எழுதியுள்ளார்.

இவையெல்லாம் நீர்க்கட்டியைப் பொறுத்தவை. ஆயக்கட்டுதாரர் அனைவரும் அறுவடையில் நெல்லாகக் கூலி அளந்த காலத்தில் அவர் எல்லோருக்கும் பொதுவானவராக இருந்தார். சொந்தக் கிணறு வெட்டியவர்கள் கூலி கொடுக்கத் தயங்கும் ஊர்களில் அவர் ஓரிருவரின் ஆளாகிவிடும் அபாயம் உண்டு. ஏக்கருக்கு இவ்வளவு என்று சிறு விவசாயியும் தம் பங்கைத் தவறாமல் அளந்தால்தான், பெரிய நிலக்காரர் மடையையும் அவர் துணிந்து அடைப்பார்.

ஊரில் தீராத வழக்கை, 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் அமைந்துள்ள இடங்களில் அச்சங்கத்திடம் கொண்டு செல்லலாம். அப்போது தேதி, மடை, திறந்த நேரம், அடைத்த நேரம் ஆகியவை குறித்த நோட்டு கையிலிருப்பது அவசியம்.